மூன்றாவது தளத்தில் இருந்தவர்

1987 கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அஸ்தினாபுரத்தில் ஞானஜோதியின் வீட்டு கேட்டை யாரோ தட்டினார்கள். சர்ச்சுக்குப் போய்வந்து, சாப்பிட்டுவிட்டு, அவர் சற்றுக் கண்ணயரலாம் என்று படுத்திருந்த நேரம். மனைவி மெட்டில்டா போய்த் திறந்தாள். வெளியே முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றிருந்தாள். சிமெண்டுக் கறை படிந்த கைகள், நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, கழுத்தில் மஞ்சள் கயிறு.

"சார் கீறாரா? ரவியோட அக்கான்னு சொல்லுங்க."

ரவி, பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் ஞானஜோதியின் துறை வாடகைக்கு எடுத்திருந்த ஷெட்டின் வாச்மேன். ஞானஜோதி எழுந்து வந்தார். அந்தப் பெண் உள்ளே வரவில்லை. வாசற்படியில் ஒரு கால் வைத்தபடியே பேசினாள்.

"என் பேரு எல்லம்மா சார். ராஜகீழ்ப்பாக்கத்துல கீறோம். சித்தாள் வேல செய்றேன். வடக்க ஒரு சொரங்கத்துலர்ந்து கல்லு வருதாமே, நீங்க பாத்துகினு கீறீங்களாமே. அந்த சொரங்கத்துலதான் என் வூட்டுக்காரரு வேல செஞ்சாரு."

"அப்படியா? இப்ப எங்க இருக்கார்?"

"அதத்தான் சார் கேக்க வந்தேன்."

மெட்டில்டா அவளை வற்புறுத்தி உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே எல்லம்மா சொன்னாள்.

அவள் கணவன் சின்னப்பன் திரிசூலத்துக் கல்குவாரியில் வெடிக்குத் துளை போடுகிறவன். 1978-இல் ஒரு காண்ட்ராக்டர் வந்து, குவாரி ஆட்கள் சிலரை வடக்கே யுரேனியச் சுரங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். மறு வருஷம் மழைக்காலத்தில் சுரங்கத்தின் மூன்றாவது தளம் சரிந்தது. உள்ளே யாரும் இல்லை என்று நிறுவனம் சொல்லிவிட்டது. அதற்கு முதல் நாளே சின்னப்பன் வேலையை விட்டு ஓடிவிட்டதாகக் காண்ட்ராக்டர் சொன்னான். எவளையோ கூட்டிக்கொண்டு போயிருப்பான் என்று ஊரில் பேசினார்கள்.

"செத்துட்டாருன்னு யாராச்சும் சொல்லு, பொட்ட அழிச்சிட்றேன். ஓடிட்டாருன்னு சொல்லு, வாயார நாலு திட்டு திட்டிட்டுத் தூங்கறேன். ரெண்டும் இல்லாம ஒரே பேஜாரா கீது சார். ஒரு கல்யாணத்துக்குப் போனா எந்தப் பக்கம் நிக்கறதுன்னு தெர்ல."

ஞானஜோதி நிலவியல் அதிகாரி. பாறையைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார். தாதுவெல்லாம் எடுத்து முடித்துக் கைவிடப்பட்ட அந்தச் சுரங்கத்தின் அடியில் அணுக்கழிவைப் புதைக்கலாமா என்று பார்த்துச் சொல்வதுதான் அவர் வேலை. கழிவைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, எஃகு உருளைகளில் அடைத்து, பாறைக்குள் வைத்து மூடிவிடுவார்கள். பத்தாயிரம் வருஷம் அது அங்கேயே கிடக்க வேண்டும். பாறையில் விரிசல் இருக்கக் கூடாது. விரிசல் இருந்தாலும் அதில் தண்ணீர் ஓடக் கூடாது. சுரங்கத்தில் துளையிட்டு எடுக்கும் உருளை வடிவப் பாறைத் துண்டுகள் பெட்டி பெட்டியாக ரயிலில் தாம்பரத்துக்கு வரும். பீர்க்கன்கரணை ஷெட்டில் அவற்றை வரிசையாக அடுக்கி, உடைத்து, லென்ஸ் வைத்துப் பார்ப்பார்.

"பார்க்கிறேன்மா" என்றார் கடைசியில். எல்லம்மா போய்விட்டாள்.

அவர் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. அந்த வருஷம் பிப்ரவரியில் அவர் முதல்முறையாகச் சுரங்கத்துக்குள் இறங்கியிருந்தார். மூன்றாவது தளத்தின் கடைசியில் சரிந்த கற்கள் கூரைவரை அடைத்துக்கொண்டிருந்தன. கூடவந்த உதவியாளர் இன்னொரு விளக்கு எடுத்துவரப் போனார். ஞானஜோதி தனியாக நின்றார். எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்போது கற்களுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. ணங். கொஞ்சம் பொறுத்து இன்னொரு ணங். இரும்பு பாறையில் படுகிற சத்தம்.

வெட்டிவிட்ட பாறை வருஷக்கணக்கில் நெட்டி முறிக்கும். அது சத்தம் போடும் என்பது அவருக்குப் பாடத்திலேயே தெரியும். உதவியாளர் வந்ததும் சத்தம் நின்றது. அவரும் அதை அத்தோடு விட்டுவிட்டார். இப்போது எல்லம்மா நடந்துபோன தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அந்த ணங் மறுபடியும் அவருக்கு ஞாபகம் வந்தது.

மறுநாள் தன் மேலதிகாரி துளசிங்கத்திடம் போனார். சுரங்கத்தின் குறுக்கே பெரிய பிளவு ஒன்று ஓடுகிறது, அது மூன்றாவது தளத்தின் சரிவுக்குப் பின்னால்தான் போகிறது, அங்கே துளையிட்டே ஆக வேண்டும் என்றார். சொன்னது பொய்யில்லை. ஆனால் அது மட்டுமே காரணமா என்று துளசிங்கம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. துளசிங்கம் கேட்கவில்லை. இரண்டாவது தளத்திலிருந்து சாய்வாகத் துளையிட அனுமதி கொடுத்தார்.

துளையிட்டு எடுத்த பாறைப் பெட்டிகள் ஆகஸ்டில் வந்தன. ஏரியிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்த காலை அது. ரவி ஆணிகளைப் பிடுங்கி மூடிகளைத் திறந்துகொண்டே வந்தான். முதல் பெட்டிகளில் எல்லாம் நல்ல பாறை, கறுப்பும் வெளுப்புமாக. பிறகு பிளவு வந்தது. கற்கள் நொறுங்கி, துருநிறக் களிமண் அப்பியிருந்தன. கடைசிப் பெட்டியில் ஓரிடத்தில் பாறையே இல்லை. துளையிட்டவர்கள் அந்த இடத்தில் ஒரு கட்டையை வைத்து, 'காலி' என்று எழுதியிருந்தார்கள். அதற்கு அடுத்தாற்போல வட்டமாக வெட்டுப்பட்ட ஒரு மரத்துண்டு. கூரைக்கு முட்டுக்கொடுத்த மரமாக இருக்கும். அதற்கும் கீழே, இறுகிய சேற்றுக்குள், வட்டமாகவே வெட்டுப்பட்ட ரப்பர்.

ஞானஜோதி அதைத் தண்ணீரில் அலசினார். லாரி டயர். இரண்டு அடுக்காக வைத்து, நீல நைலான் நூலால் தைத்திருந்தது.

ரவி கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தான்.

"சார், இது மாமா செருப்பு சார்."

"எப்படிச் சொல்றே?"

"குவாரில கல்லு சில்லு குத்தாம இருக்கறதுக்கு அவரே தச்சிப்பாரு சார். ரெண்டு பட்டை வெச்சு. மீன்வலை நூலுல. எனக்கும் ஒரு ஜோடி தச்சுக் குடுத்தாரு." அவன் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டான். "அங்க எல்லாருக்கும் கம்பெனி பூட்ஸ் குடுத்தாங்களாம். இவரு மட்டும் காலு வேகுதுன்னு போடமாட்டேன்ட்டாராம்."

ஷெட்டில் கதிர்வீச்சு மீட்டர் ஒன்று உண்டு. பழக்கத்தில் ஞானஜோதி அதை ரப்பரின் மேல் காட்டினார். பாறைக்குக் கேட்டதைவிட வேகமாக டிக்டிக்கென்று அடித்தது. அவர் ரப்பரைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, ரவியைக் கை கழுவச் சொன்னார். ரப்பருக்குள் ஏது தாது? தண்ணீர்தான் கொண்டுவந்து சேர்த்திருக்க வேண்டும். அது அவருடைய வேலைக்கு முக்கியமான செய்தி. அன்று அவருக்கு அது நினைவில் நிற்கவில்லை.

சாயங்காலம் துளசிங்கம் ஷெட்டுக்கே வந்தார். ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த, யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர்.

"யாரோ தூக்கிப் போட்ட பழைய செருப்பு ஞானஜோதி. விடுங்க."

"சரிவுக்கு அந்தப் பக்கம் கிடக்கு சார்."

"சுரங்கத்தைத் திறந்தா விசாரணை வரும். உள்ள ஆள் இருந்தாங்கன்னு ஆச்சுன்னா, ஏன் மறைச்சீங்கன்னு கேள்வி வரும். திட்டமே நின்னு போகும். நம்ம வேலை பாறையைப் பார்க்கறது."

"பாறைக்குப் பின்னாடி காலியிடம் இருக்கு சார். அது வரைபடத்துல இல்லை. என்ன இருக்குன்னு தெரியாத இடத்துக்குப் பத்தாயிரம் வருஷ உத்தரவாதம் நான் எப்படித் தர்றது?"

துளசிங்கம் குனிந்து அந்தப் பெட்டியின் மூடியை எடுத்து மூடினார். பிறகு, "அந்தப் பொண்ணுகிட்ட இப்பவே எதையும் சொல்லிடாதீங்க. நான் எழுதிக் கேக்கறேன்" என்றார்.

ரவி அதற்குள் சொல்லியிருந்தான். மறுநாள் காலை எல்லம்மா ஷெட்டு வாசலில் நின்றாள். தொடக் கூடாது என்று ஞானஜோதி சொன்னதும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். அழவில்லை. "தச்சது அவருதான்" என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு, சரிவைத் திறக்க மேலிடத்திலிருந்து அனுமதி வரும்வரை அவள் ஒருநாளும் வந்து கேட்கவில்லை. எங்காவது கட்டட வேலையில் எதிர்ப்பட்டால், தலையில் சட்டியோடு நின்று ஒரு பார்வை பார்ப்பாள். அவ்வளவுதான்.

அந்த மாதங்களில்தான் ஞானஜோதிக்கு வீட்டிலும் சத்தம் கேட்கத் தொடங்கியது. விடுமுறை நாளொன்றில், பட்டப்பகலில், செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. ணங். கொஞ்சம் பொறுத்து, ணங்.

"பக்கத்து மனையில வீடு கட்ட ஆரம்பிச்சுட்டாங்களா?" என்று மெட்டில்டாவைக் கேட்டார்.

"அங்க யாருமே இல்லையே. ஏன்?"

வெளியே போய்ப் பார்த்தார். காலி மனையில் முள்செடி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு ஆடுகள் மேய்ந்தன. அவர் செருப்பில்லாமல் அந்த மனை முழுக்கச் சுற்றிவந்தார். மெட்டில்டா சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவரை வீட்டில் தனியாக விட்டுவிட்டு அவள் எங்கும் போவதில்லை.

அடுத்த வருஷத் தொடக்கத்தில் அனுமதி வந்தது. ஞானஜோதியோடு ரவியும் எல்லம்மாவும் சென்ட்ரலில் ரயில் ஏறினார்கள். எல்லம்மா ஒரு துணிப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். அதில் ஒரு புது எட்டு முழ வேட்டி இருந்தது. எலும்போ எதுவோ, கிடைத்ததை அதில் சுற்றி ஊருக்குக் கொண்டுவந்து, ராஜகீழ்ப்பாக்கத்துச் சுடுகாட்டில் வைக்க வேண்டும் என்பது அவள் எண்ணம்.

பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது என்பது சட்டம். சுரங்க வாய்க்கு வெளியே தகரக் கொட்டகை ஒன்றில் அவள் உட்கார்ந்தாள். ஞானஜோதியும் சில தொழிலாளர்களும் உள்ளே போனார்கள். ரவியும் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனான். சில நாட்கள் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, முட்டு வைத்து, முன்னேறினார்கள். ஒரு முற்பகலில் கடப்பாரை அந்தப் பக்கம் போயிற்று.

சரிவுக்குப் பின்னால் ஒரு சிறிய அறையளவுக்கு இடம் இடியாமல் தப்பியிருந்தது. விளக்கை நீட்டி ஞானஜோதிதான் முதலில் எட்டிப் பார்த்தார். சுவரில் சாய்ந்து ஒருவர் உட்கார்ந்திருந்தார். காலை நீட்டியிருந்தார். மேலே கசிந்த தண்ணீர் அவர் மீது வழிந்து, எலும்பிலும் கந்தலிலும் மஞ்சள் படிந்திருந்தது. ஒரு காலில் செருப்பு இருந்தது. மற்றது சேற்றில் புதைந்து, வட்டமாக ஓட்டை விழுந்து கிடந்தது. வலது கையருகே ஒரு சுத்தி.

அதற்கு மேல் அவர் பார்த்ததுதான் அவரை விடவில்லை. சரிந்த கற்களின் உட்பக்கம், உட்கார்ந்திருப்பவர் கைக்கு எட்டுகிற உயரத்தில், ஒரே இடத்தில் பாறை வெளுத்துப் பொடிந்திருந்தது. ஒருமுறை இரண்டுமுறை அடித்ததில் வருகிற பள்ளம் இல்லை அது. உள்ளங்கை நுழைகிற ஆழம்.

உடனே சாகவில்லை. தட்டியிருக்கிறார். வெளியே இருந்தவர்களுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

பின்னால் ரவி மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. ஞானஜோதி விளக்கை வேறு பக்கம் திருப்பினார்.

எலும்புகளைத் தட்டில் வைத்து வெளியே கொண்டுவந்தபோது, பாதுகாப்பு அதிகாரி லாசரஸ் மீட்டரோடு காத்திருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். மீட்டரைக் கிட்டே கொண்டுபோனதும் அது இடைவிடாமல் இரைந்தது. லாசரஸ் ஞானஜோதியைத் தனியே அழைத்தார்.

"தண்ணியில ரேடியம் இருந்திருக்கு சார். சுண்ணாம்பு மாதிரியே எலும்புக்குள்ள போய் உட்காந்துக்கும். இதை வெளியே கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. விதிப்படி இது..." அவர் அந்தச் சொல்லைச் சொல்லத் தயங்கினார்.

எல்லம்மா எழுந்து வந்துவிட்டிருந்தாள்.

"விதிப்படி இன்னா சார்?"

ஞானஜோதிதான் சொன்னார். "கழிவும்மா. ஊருக்குக் கொண்டுபோக முடியாது."

"குப்பைன்றீங்களா அவர?"

"இல்லம்மா. அப்படி இல்ல."

"எவ்ளோ நாளிக்கு அப்படி? ஒரு வருசம் கழிச்சு வந்தா குடுப்பீங்களா?"

"கதிர்வீச்சு பாதியாக் குறையறதுக்கே ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல ஆகும்" என்றார் லாசரஸ், தரையைப் பார்த்துக்கொண்டு.

எல்லம்மா அந்த எண்ணைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. தடுப்புக்குக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி நேராகத் தட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தடுக்க வேண்டிய லாசரஸ் தடுக்கவில்லை. மீட்டரை அணைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு பையிலிருந்த வேட்டியைப் பிரித்துத் தட்டின் மேல் போர்த்தினாள். முந்தானையால் பொட்டைத் துடைத்தாள். கழுத்துக் கயிற்றைக் கழற்றி வேட்டியின் மடிப்புக்குள் வைத்தாள். அப்புறம்தான் அழுதாள். அவள் குரல் சுரங்க வாய்க்குள் போய்த் திரும்பிவந்தது. தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு ஞானஜோதியிடம் கேட்டாள்.

"உடனே போயிட்டாரா சார்? கல்லு விழுந்ததும்?"

"உடனே போயிட்டார்மா" என்றார் ஞானஜோதி. ரவி தலையைக் குனிந்துகொண்டான்.

சின்னப்பனைத் திரும்பவும் மூன்றாவது தளத்துக்கே கொண்டுபோய், பாறையைக் குடைந்து வைத்து, சிமெண்டு பூசினார்கள். லாசரஸ் யாரும் கேட்காமலே ஒரு ஜெபம் சொன்னார். ஈரச் சிமெண்டில் ரவி விரலால் பெயரை எழுதினான்.

ஞானஜோதி தம் அறிக்கையில் அந்த இடம் கழிவு புதைக்க உதவாது என்று எழுதினார். பிளவு வழியாகத் தண்ணீர் ஓடுகிறது. எட்டே வருஷத்தில் ஒரு மனிதனின் எலும்புவரை ரேடியத்தைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. இந்தப் பாறை எதையும் பிடித்து வைத்திருக்காது. துளசிங்கம் ஒரு வரிகூட மாற்றாமல் கையெழுத்திட்டு மேலே அனுப்பினார். திட்டம் கைவிடப்பட்டது. விபத்தில் ஒருவர் இறந்தார் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. காண்ட்ராக்டர் அதற்கு முன்பே செத்துப்போயிருந்தான். சுரங்கத்தின் வாய் கான்கிரீட்டால் அடைபட்டது.

ஞானஜோதிக்கு மட்டும் எதுவும் அடைபடவில்லை. களவேலை வேண்டாமென்று கேட்டு வாங்கிக்கொண்டு மேசை வேலைக்குப் போனார். சத்தம் சில மாதம் கேட்காது. பிறகு, சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில், ஆபீஸிலோ ரயிலிலோ, ணங் என்று கேட்கும். சத்தத்தைவிட, அதற்கு அடுத்தது வருவதற்குள் இருக்கும் அந்த இடைவெளிதான் அவரை வாட்டியது. அடுத்தது வராமல் போய்விடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

1993-இல் பக்கத்துக் காலி மனையில் ஒருவர் வீடு கட்ட ஆரம்பித்தார். அப்போது அஸ்தினாபுரம் முழுக்க அதே கதைதான். கிணறுகள் வற்றி, தெருவுக்குத் தெரு போர்வெல் லாரி நின்றது. அந்த மனையிலும் ஒருநாள் காலை வந்து நின்று, பாறையைக் குடையத் தொடங்கியது. சாம்பல்நிறக் கல்தூள் எழும்பித் தெருவெல்லாம் படிந்தது. ஞானஜோதி சட்டை போடாமல் ஓடிப்போய், குழாயிலிருந்து கொட்டிய சேற்றைக் குனிந்து கையில் அள்ளி அள்ளிப் பார்த்தார். லாரிக்காரர்கள் கத்தினார்கள். அவருக்குக் காதில் விழவில்லை.

கட்டட வேலைக்கு வந்திருந்த எல்லம்மாதான் சட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து, கையைப் பிடித்து இழுத்தாள்.

"சார், இன்னா சார் இது? தள்ளி வாங்க."

"உள்ள யாராவது இருந்தா, எல்லம்மா?"

அவள் அவரைச் சுவர் நிழலில் உட்காரவைத்தாள். தலைச்சும்மாட்டை அவிழ்த்து அவர் கையிலிருந்த சேற்றைத் துடைத்தாள்.

"இங்க யாரும் இல்ல சார். வெறும் கல்லு."

"நான் உங்ககிட்டப் பொய் சொன்னேன்" என்றார் அவர். "அவர் உடனே..."

"தெரியும் சார். தட்டினாரு. ரவி அன்னிக்கே ரயில்ல சொல்லிட்டான்."

ஞானஜோதி அவளை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷம் தெருவில் எதிர்ப்பட்டபோதெல்லாம் அவள் அதைக் காட்டிக்கொண்டதே இல்லை.

"நீங்க மறைக்கறதப் பாத்தேன். சரி, மன்சன் நமக்காகத்தான் மறைக்கறாருன்னு வுட்டுட்டேன்" என்றாள். "அவரு தட்டினது யாருக்கும் கேக்கலன்னுதான் எனக்கு ஆத்திரம். நீங்க போய்த் தெறந்தீங்க. லேட்டுதான். ஆனா தெறந்தீங்கல்ல?"

லாரி இரைந்துகொண்டிருந்தது.

"எழுந்து வூட்டுக்குப் போங்க. கதவ சாத்திகினு உக்காருங்க. இது முடிஞ்சதும் நானே வந்து சொல்றேன்."

அவர் போய் உட்கார்ந்தார். மெட்டில்டா பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சன்னல் கண்ணாடி அதிர்ந்தபடி இருந்தது. சாப்பாட்டு நேரம் தாண்டியும் இரைச்சல் ஓயவில்லை. பிறகு திடீரென்று நின்றது. தெருவில் ஆட்கள் கைதட்டிச் சிரிப்பது கேட்டது. கொஞ்ச நேரத்தில் கேட் திறந்தது.

"சார்," என்று வெளியிலிருந்தே எல்லம்மா குரல் கொடுத்தாள். "தண்ணி வந்துச்சு. வெறும் தண்ணிதான் சார்."